வெளியூர்க் கச்சேரிக்கு எந்த எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாம்?

லைட் மியூசிக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணே, எந்த கிட்டார் வாங்கட்டும்?" ஒரு பிராண்டு பெயரைச் சொல்லி அனுப்பிவிடலாம், ஆனால் அது உதவாது. வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிற கிட்டார் வேறு. ராத்திரி பஸ்ஸில் திருச்சியிலிருந்து நாகர்கோவிலுக்குப் போய், சாயங்காலம் கோயில் திருவிழா மேடையில் மூன்றரை மணி நேரம் வாசித்து, அன்று ராத்திரியே வேனில் ஏறி, மறுநாள் கோயம்புத்தூரில் கல்யாண வரவேற்பில் நிற்கிற கிட்டார் வேறு. இந்தக் கட்டுரை இரண்டாவது வகைக்கு. பதினெட்டு வருஷமாக என் பிழைப்பு இப்படித்தான் ஓடுகிறது, அதனால் கடையில் எதைப் பார்க்க வேண்டும், எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்று எனக்குத் தெரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகப் போகிறவரின் கிட்டாரில் சுருதி நிற்க வேண்டும், இரைச்சல் இருக்கக் கூடாது, கெட்டுப்போனால் எந்த ஊரிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் சரிசெய்ய முடிய வேண்டும். தொனி, மரம், பெயர் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதல் வேலை: பாட்டு லிஸ்ட்டை எடுங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் குழு வழக்கமாக வாசிக்கும் முப்பது பாட்டை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கிட்டார் என்ன சத்தம் கொடுக்க வேண்டும் என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் செய்து பார்த்தபோது நாலைந்து வகைதான் வந்தது. 80-களின் மெலடிகளுக்குச் சுத்தமான, மணி மாதிரி விழுகிற ஆர்பெஜியோ, அதாவது சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது. டப்பாங்குத்துக்கும் டிஸ்கோ மாதிரிப் பாட்டுக்கும் நறுக்கு நறுக்கென்று வெட்டுகிற ரிதம். இடையிசையில் வரும் தனி பிட்டுகளுக்கு, கம்பியை இழுத்துக் கமகம் காட்டும்போது உடையாமல் நீண்டு நிற்கிற சத்தம். ஹீரோ அறிமுகப் பாட்டுகளுக்கு டிஸ்டார்ஷன், அதாவது கரகரவென்று உறுமுகிற சத்தம். அப்புறம் அகூஸ்டிக் கிட்டார் வாசிக்க வேண்டிய நாலைந்து பாட்டு, அதற்காக இன்னொரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போக வேனில் இடம் இருக்காது.

இத்தனையும் ஒரே கிட்டாரில் வர வேண்டும். ஒவ்வொன்றிலும் உலகத்திலேயே சிறந்த சத்தமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, கேட்கிறவர் பாட்டை அடையாளம் கண்டு தலையாட்டுகிற அளவுக்கு நெருங்கினால் போதும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்னொரு விஷயம். நம் ஊர் மேடைகளில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப் கிடைப்பது அபூர்வம். கிட்டாரிலிருந்து மல்டி எஃபெக்ட்ஸ் பெடல், அங்கிருந்து நேராக மைக் செட்காரரின் மிக்ஸர், அவ்வளவுதான். ஆம்ப், ஸ்பீக்கர் வேலையை எல்லாம் பெடலே செய்துவிடும். அதனால் பாடி ஆல்டர் மரமா, பாஸ்வுட் மரமா என்று நீங்கள் இராப்பகலாக வீடியோ பார்த்துத் தேர்ந்தெடுத்த நுணுக்கம் முழுவதும் கூம்பு ஒலிபெருக்கி வழியாக ஊருக்குப் போய்ச் சேராது. நெக்கின் (இடது கை விரல்கள் கம்பியை அமுக்குகிற கழுத்துப் பகுதி) நேர்த்தியும், சுருதி நிற்பதும், இரைச்சல் இல்லாததும் மட்டும் எந்த ஒலிபெருக்கியிலும் தெரிந்துவிடும்.

பிக்கப்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுகிற பாகம்தான் பிக்கப், காந்தத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் சத்தம் கூர்மையாகவும் தெளிவாகவும் இருக்கும், ஆர்பெஜியோவுக்கும் வெட்டு ரிதத்துக்கும் அதுதான் வேண்டும். ஆனால் அது பக்கத்தில் இருக்கிற மின்சாரத்தின் இரைச்சலையும் சேர்த்துப் பிடிக்கும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த இரைச்சல் ம்ம்ம் என்று அடித்தொண்டையில் முனகுகிற மாதிரி வரும். இரண்டு சுருளை எதிரெதிராக இணைத்து அந்த முனகலை அடித்துப்போடுகிறது ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955-இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1957-இல் கிட்டார்களில் வந்துவிட்டது. சத்தம் தடிமனாக இருக்கும், டிஸ்டார்ஷனுக்கு இதுதான் சரி.

இரைச்சலைப் பற்றி நான் இத்தனை சொல்வதற்குக் காரணம் சிவகங்கை பக்கம் ஒரு கிராமத்துத் திருவிழா. மேடைக்கு நேர் பின்னால் ஜெனரேட்டர், மேடை விளிம்பு முழுக்க சீரியல் பல்பு, தலைக்கு மேலே டிம்மர் போட்ட விளக்குகள். என்னிடம் அப்போது மூன்று ஒற்றைச் சுருள் பிக்கப் வைத்த கிட்டார் மட்டும்தான் இருந்தது. வால்யூமைத் திறந்ததும் ஒலிபெருக்கியில் பெரிய வண்டுக்கூட்டம் கிளம்பின மாதிரி ஒரு ரீங்காரம், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒற்றைச் சுருள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து இரைச்சல் கூடும், குறையும். மெதுவாகத் திரும்பித் திரும்பிப் பார்த்து, ஜெனரேட்டருக்குப் பக்கவாட்டாக நின்றால் குறைகிறது என்று கண்டுபிடித்தேன். பாட்டு இல்லாத இடங்களில் வால்யூமைச் சுத்தமாக மூடி மூடித் திறந்து அந்த ராத்திரியை ஓட்டினேன். டிஸ்டார்ஷன் வேண்டிய இரண்டு பாட்டையும் லிஸ்ட்டிலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டியதாகிவிட்டது, அதுதான் இன்றைக்கும் வருத்தம். அந்த ஊர் இளைஞர்கள் அந்தப் பாட்டுகளுக்காகத்தான் காத்திருந்தார்கள்.

ஆகவே என் சிபாரிசு: பிரிட்ஜ் (பாடியின் மேல் கம்பிகள் முடிகிற இடம்) பக்கம் ஒரு ஹம்பக்கர், நடுவிலும் நெக் பக்கமும் ஒற்றைச் சுருள். கடையில் இதை எச்.எஸ்.எஸ். என்று சொல்வார்கள். ஐந்து நிலை ஸ்விட்ச் இருக்கும். பிரிட்ஜில் வைத்தால் டிஸ்டார்ஷன், நெக்கில் வைத்தால் தனி பிட், நெக்கும் நடுவும் சேர்ந்த நிலையில் ஆர்பெஜியோ, பிரிட்ஜும் நடுவும் சேர்ந்த நிலையில் வெட்டு ரிதம். ஹம்பக்கரின் ஒரு சுருளை மட்டும் வேலை செய்ய வைக்கிற காயில் ஸ்ப்ளிட் வசதி இருந்தால் இன்னும் நல்லது, பெரும்பாலும் டோன் குமிழியை மேலே இழுத்தால் அது மாறும். இந்த இடைநிலைச் சத்தங்களுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1954-இல் வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூன்று நிலை ஸ்விட்ச்தான் இருந்தது. வாசிக்கிறவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைக்கு நடுவில் சொருகி நிறுத்தி அந்தச் சத்தத்தை எடுத்தார்கள், 1977-இல்தான் கம்பெனியே ஐந்து நிலை ஸ்விட்ச் வைத்தது.

கடையில் இதைச் சோதிப்பது சுலபம். கொஞ்சம் டிஸ்டார்ஷன் போட்டு, கம்பிகளைக் கையால் அமுக்கிக்கொண்டு ஸ்விட்சை ஐந்து நிலையிலும் வைத்து இரைச்சலை மட்டும் கேளுங்கள். நடு பிக்கப் எதிர்த்திசையில் சுற்றியதாக இருந்தால், அது நெக் பிக்கப்போடு சேரும் நிலையில் முனகல் அடங்கும். அப்படி அடங்குகிற கிட்டாரையே எடுங்கள், மேடையில் அதிக நேரம் அந்த நிலையில்தான் இருப்பீர்கள்.

அகூஸ்டிக் சத்தத்துக்குப் பிரிட்ஜில் பியேஸோ (காந்தம் இல்லாமல் அதிர்வை நேராகப் பிடிக்கிற பிக்கப்) வைத்த கிட்டார்கள் வருகின்றன. ஃபெண்டர் 2019-இல் அகூஸ்டாசோனிக் டெலிகாஸ்டர் என்று இரண்டையும் கலந்த ஒன்றையே கொண்டுவந்தது. சத்தம் நன்றாக இருக்கும். ஆனால் விலை அதிகம், உள்ளே சர்க்யூட்டும் பேட்டரியும் உண்டு, அது போனால் சின்ன ஊரில் பார்த்துக் கொடுக்க ஆள் கிடைக்காது. முதல் கிட்டாருக்கு இது வேண்டாம். நெக் பிக்கப்பில் வைத்து, பெடலில் இருக்கும் அகூஸ்டிக் சிமுலேட்டரைப் போட்டு, டோனைக் கொஞ்சம் திறந்துவிட்டால் அந்த நாலைந்து பாட்டு ஓடிவிடும்.

பிரிட்ஜ்

இதில் எனக்குத் தயக்கமே கிடையாது. ஃப்ளாய்ட் ரோஸ் மாதிரி மிதக்கிற, பூட்டுப் போட்ட ட்ரெமோலோ (கைப்பிடியால் பிரிட்ஜை ஆட்டிச் சுருதியை ஏற்றி இறக்குகிற அமைப்பு) வேண்டாம். அது கெட்ட சாமான் இல்லை, அதை வைத்து அற்புதமாக வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களோடு ஒரு டெக்னீஷியனும் மாற்றுக் கிட்டாரும் மேடைக்குப் பின்னால் இருக்கும். மிதக்கிற பிரிட்ஜில் ஒரு கம்பி அறுந்தால், அந்தக் கம்பி இழுத்துக்கொண்டிருந்த விசை போய்விடுவதால் பின்பக்க ஸ்ப்ரிங் பிரிட்ஜைத் தன் பக்கம் இழுத்துவிடும், மிச்சம் ஐந்து கம்பியும் சுருதி ஏறிவிடும். பாட்டின் நடுவில் அப்படி ஆனால் கையை எடுத்துவிட்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

ட்ரெமோலோ இல்லாத நிலையான பிரிட்ஜ் இருந்தால் மிகவும் நல்லது. இல்லையென்றால் சாதாரண ஸ்ட்ராட் வகை ட்ரெமோலோ வாங்கி, பின்பக்க மூடியைத் திறந்து ஸ்ப்ரிங்குகளைப் பாருங்கள். பெரும்பாலும் மூன்றுதான் மாட்டியிருப்பார்கள், ஐந்துக்கு இடம் இருக்கும். மிச்சம் இரண்டையும் மாட்டி, ஸ்ப்ரிங் கொக்கியின் இரண்டு திருகையும் முறுக்கினால் பிரிட்ஜ் பாடியோடு ஒட்டி உட்கார்ந்துவிடும். அதன் பிறகு ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை இடம் மாறாது, மிச்சக் கம்பிகளை வைத்துப் பாட்டை முடித்துவிடலாம்.

நெக், கட்டை, கேப்போ

இந்த இடத்தை நம் ஊர் வேலைக்கென்றே கவனமாகப் படிக்க வேண்டும். பாடகி மேடையேறி, "அண்ணா, இன்னைக்குத் தொண்டை சரியில்லை, ஐந்தரைக் கட்டையிலேயே போயிடலாமா" என்பார். கீபோர்டு வாசிப்பவர் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அமுக்கிவிட்டு அதே விரலில் வாசிப்பார். நமக்கு அந்தப் பொத்தான் இல்லை. ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரை என்றால் ஜி ஷார்ப். முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடு) கேப்போ (எல்லாக் கம்பியையும் சேர்த்து அமுக்குகிற கிளிப்) மாட்டி ஜி வடிவங்களிலேயே வாசித்துவிடலாம். ஆனால் கேப்போ மாட்டினால் சுருதி ஏறிப்போகிற கிட்டார் எத்தனையோ உண்டு, கடையில் யாரும் இதைச் சோதித்துப் பார்ப்பதில்லை.

அதனால் கேப்போவைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முதலில் ட்யூனரில் ஆறு கம்பியையும் சரியாக வைத்துக்கொண்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி மறுபடி ஆறையும் பாருங்கள். முள் லேசாக ஏறுவது இயல்பு, கோட்டை விட்டு நன்றாகத் தள்ளிப்போனால் நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்கார்கிற சின்னத் துண்டு) பள்ளம் உயரமாக இருக்கிறது, அல்லது ஃப்ரெட் மிகவும் உயரம், அல்லது உங்கள் கேப்போவின் அழுத்தம் அதிகம். வேறு கேப்போ போட்டும் அப்படியே இருந்தால் கிட்டாரை மாற்றுங்கள். அடுத்து மூன்றாவது ஃப்ரெட்டில் மாட்டிப் பாருங்கள்.

அப்புறம் ஜி கம்பியை ஒன்பதாம் ஃப்ரெட்டில் வைத்து ஒரு முழு ஸ்வரம் இழுத்து விடுங்கள், பத்து முறை. நம் பாட்டுகளில் இழுப்பு அதிகம், அதனால் இது நேரடிச் சோதனை. பத்துக்கு அப்புறம் திறந்த கம்பி இறங்கியிருந்தால் பெரும்பாலும் நட்டில்தான் சிக்கல். கீயைத் திருப்பும்போது நட்டில் டிங் என்று ஒரு சத்தம் கேட்டால் கம்பி பள்ளத்தில் மாட்டிக்கொண்டு வழுக்குகிறது என்று அர்த்தம். அந்தப் பள்ளத்தில் பென்சில் முனையை நன்றாகத் தேய்த்துக் கரியை நிரப்பினால் பல கிட்டார்களில் இது தீர்ந்துவிடும், அதனால் இந்த ஒன்றுக்காக நல்ல கிட்டாரை விட்டுவிட வேண்டாம்.

நெக் நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அமுக்கி, ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிற அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இடைவெளியே இல்லையென்றாலும், இரண்டு கார்டு நுழைந்தாலும் நெக்குக்குள் இருக்கிற ட்ரஸ் ராடு என்ற இரும்புக் கம்பியைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் ட்ரஸ் ராடு திரும்புகிறதா என்பதைக் கடைக்காரரையே உங்கள் கண் முன்னால் கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கொடைக்கானலில் ஒரு நாள், ராமநாதபுரத்தில் மறுநாள் என்று போகிற கிட்டாரின் நெக் வருஷத்துக்கு இரண்டு மூன்று முறையாவது அசையும், அப்போது திரும்பாத ராடு இருந்தால் கிட்டாரே வீண்.

நெக் பாடியோடு ஸ்க்ரூவால் மாட்டியதாக இருக்கட்டும், தலை நேராக இருக்கட்டும். லெஸ் பால் மாதிரி தலை பின்பக்கம் சாய்ந்த மஹோகனி நெக், பையோடு மல்லாக்க விழுந்தால் நட்டுக்குப் பின்னாலேயே உடையும், அதன் பலவீனமான இடம் அதுதான். ஃபெண்டர் வகையில் தலை நெக்கோடு நேராக இருப்பதால் விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும், தப்பிக்காவிட்டாலும் நாலு ஸ்க்ரூவைக் கழற்றி வேறு நெக் மாட்டிக்கொள்ளலாம். கம்பி நீளத்திலும் வித்தியாசம் உண்டு: ஃபெண்டர் வகை 648 மில்லிமீட்டர், கிப்சன் வகை சுமார் 628. நீளமானதில் கம்பி விறைப்பாக இருக்கும், அரைக்கட்டை இறக்கி வைத்தாலும் தொளதொளவென்று ஆகாது. சின்னக் கை உள்ளவர்களுக்குக் குட்டையானது இதமாக இருக்கும் என்பதும் உண்மைதான்.

எடை

ஸ்ட்ராப்பை மாட்டி எழுந்து நில்லுங்கள். இடது கையை எடுத்துவிடுங்கள். தலை தரையை நோக்கிச் சாய்ந்தால் மூன்று மணி நேரமும் உங்கள் இடது கைதான் அதைத் தாங்கப் போகிறது. பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள், மூன்றரை கிலோவுக்குள் இருந்தால் சரி. லெஸ் பால் வகையில் பல நாலு கிலோவைத் தாண்டும். இருபத்தைந்து வயதில் தோள்பட்டை ஒன்றும் சொல்லாது. நாற்பதில் சொல்லும், என் தோள் தினமும் சொல்கிறது.

எதை வாங்கலாம், எதை விடலாம்

யமஹா பசிஃபிகா 112 வரிசை, 1990-இல் தொடங்கிய குடும்பம். மேலே சொன்ன எல்லாம் அதில் இருக்கிறது: ஹம்பக்கரோடு இரண்டு ஒற்றைச் சுருள், ஸ்க்ரூ போட்ட நெக், 22 ஃப்ரெட். 112வி என்ற மாடலில் காயில் ஸ்ப்ளிட்டும் உண்டு, விலை குறைந்த 112ஜே-யில் அது இல்லை. புதிதாக ஆரம்பிக்கிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஸ்குவையர், ஃபெண்டர், கோர்ட் மூன்றிலும் எச்.எஸ்.எஸ். மாடல்கள் உண்டு. அங்கே பெயரைப் பார்க்காதீர்கள், கையில் இருக்கிற அந்த ஒரு கிட்டாரைப் பாருங்கள், ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகிற இரண்டு கிட்டாரில் ஒன்று சுருதி நிற்கும், ஒன்று நிற்காது.

டெலிகாஸ்டர் வகையையும் ஒதுக்கிவிடாதீர்கள். இரண்டே பிக்கப், நிலையான பிரிட்ஜ், கெட்டுப்போக எதுவுமே இல்லாத அமைப்பு. 1950-களின் தொடக்கத்திலிருந்து இன்றுவரை பெரிதாக மாறாமல் விற்கிறது என்றால் சும்மா இல்லை. டிஸ்டார்ஷன் பாட்டு குறைவாக உள்ள குழு என்றால் எச்.எஸ்.எஸ்.-ஐ விட எனக்கு இதுதான் பிடிக்கும்.

செமி ஹாலோ, அதாவது பாடி பாதி உள்ளே வெற்றாக இருக்கிற கிட்டார் அழகானது, ஆனால் மானிட்டர் ஸ்பீக்கர் காலடியில் அலறுகிற மேடையில் ஃபீட்பேக் எடுக்கும், பெட்டியும் பெரிது. தலை இல்லாத கிட்டார்கள் பயணத்துக்கு உண்மையிலேயே வசதி, லேசானவை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம். வாங்கும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சாதாரணக் கம்பி போடலாமா, இரண்டு முனையிலும் குண்டு வைத்த கம்பிதான் வேண்டுமா? இரண்டாவது என்றால் ராமேஸ்வரத்தில் கம்பி அறுந்த அன்றைக்குத் திண்டாட்டம்தான். ஏழு கம்பி கிட்டாருக்கும் இதே பதில். தடிமன் 9 அல்லது 10-இல் தொடங்குகிற ஆறு கம்பி செட் இசைக்கருவி விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும்.

சென்னைக்கு வர முடிந்தால் அண்ணா சாலையில் 1842 முதல் இருக்கிற மியூசி மியூசிக்கல் மாதிரிக் கடைகளில் நாலைந்தை வரிசையாக எடுத்து வாசித்துப் பாருங்கள். ஆன்லைனில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றையும் செய்ய முடியாது.

பழைய கிட்டார் என்றால் மூன்று இடம். நட்டுக்குப் பின்பக்கம் டார்ச் அடித்து மயிரிழைக் கீறல் இருக்கிறதா பாருங்கள். முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி பதிந்த பள்ளம் நகத்தில் தட்டுப்பட்டால் ஃப்ரெட் வேலை பாக்கி இருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கேபிளைச் செருகி லேசாக ஆட்டும்போது கரகரவென்றால் ஜாக், அது சின்ன வேலை.

வெளிநாட்டுக் கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபிங்கர் போர்டு நம் தோதகத்தி மரத்தில், அதாவது இந்திய ரோஸ்வுட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் மரங்கள் எல்லாம் சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்து பெரிய கலவரமாக இருந்தது, 2019 நவம்பரில் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட் மட்டும் வேறு கதை, அது 1992 முதலே கடுமையான பட்டியலில் இருக்கிறது, ரொம்பப் பழைய விலையுயர்ந்த கிட்டார்களில்தான் அது இருக்கும்.

காசைப் பிரிப்பது, தூக்கிப்போவது

கையில் நூறு ரூபாய் இருந்தால் எழுபதுதான் கிட்டாருக்கு. மிச்சம் முப்பதில் நல்ல பை, ஒரு முறை செட்டப் (நெக்கையும் கம்பி உயரத்தையும் சரிசெய்வது), இரண்டு கேபிள், ஸ்ட்ராப் லாக், கம்பிகள். எல்லாவற்றையும் கிட்டாரிலேயே கொட்டிவிட்டு, மெல்லிய துணிப்பையில் போட்டு பஸ்ஸின் பின் டிக்கியில் வைத்த தம்பிகள் அழுது பார்த்திருக்கிறேன்.

ரயிலில் போனால் தடித்த மெத்தை வைத்த பை போதும், ஆனால் கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளாதீர்கள். டிரங்குப் பெட்டிகள் வந்து இடிக்கும், யாராவது தண்ணீரைக் கொட்டுவார்கள். மேல் பெர்த்தாகக் கேட்டு வாங்கி, காலடியில் படுக்கவைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸிலும் வேனிலும் ஹார்டு கேஸ். எதில் போனாலும் நெக்குக்கு அடியில், நட்டுக்கு நேர் கீழே, ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள், தலைப்பகுதி எதிலும் முட்டாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். விமானத்தில் உள்நாட்டுக் கைப்பை அளவு பொதுவாக 7 கிலோ, 55 சென்டிமீட்டர் நீளம். கிட்டார் ஒரு மீட்டர். உள்ளே விடுவதும் விடாததும் அன்றைக்கு நிற்பவரைப் பொறுத்தது, அதனால் ஹார்டு கேஸில் லக்கேஜாகப் போடத் தயாராகவே போங்கள். பூட்டிய வேனில் வெயிலில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், சாப்பிடும் இடத்துக்கு அதுவும் கூட வரட்டும்.

பையின் முன் அறையில் எப்போதும் இருக்க வேண்டியவை: இரண்டு செட் கம்பி, அது தவிர முதல் கம்பி மட்டும் தனியாக நாலைந்து, ட்ரஸ் ராடுக்கும் பிரிட்ஜுக்கும் பொருந்துகிற ஆலன் கீ, நட்சத்திர ஸ்க்ரூ டிரைவர், கட்டர், ட்யூனர், கேப்போ, பருத்தித் துணி, ஒரு நியான் டெஸ்டர். வாசித்து முடித்ததும் துணியால் கம்பிகளின் மேலும் கீழும் துடையுங்கள். வியர்வை உப்பும் கடலோர ஊர்க் காற்றும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் கம்பி துருப்பிடிக்கும்.

டெஸ்டர் எதற்கு என்று கேட்பீர்கள். இரைச்சலைக் குறைப்பதற்காக கிட்டார் கம்பிகள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். நீங்கள் கம்பியைத் தொட்டுக்கொண்டு, எர்த் சரியில்லாத மைக்கில் உதட்டை வைத்தால் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் போகும். 1972-இல் வேல்ஸ் நாட்டில் ஸ்வான்சீ நகரத்து மேடையில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி இப்படித்தான் இறந்தார். நம் திருவிழா மேடைகளில் மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டுச் செருகியிருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே மேடையேறியதும் முதல் வேலை, கிட்டாரை மாட்டும் முன்பே, மைக்கின் இரும்பு வலையில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பது. பல்பு லேசாக எரிந்தாலும் மைக் செட்காரரைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொல்லுங்கள், "அதெல்லாம் ஒன்றும் ஆகாது" என்றால் வாசிக்காதீர்கள். வயர்லெஸ் வைத்திருந்தால் கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவில் கம்பித் தொடர்பு இல்லாததால் இந்த ஆபத்து பெரிதும் குறையும், நான் வயர்லெஸ் வாங்கியதே இதற்காகத்தான்.

வாங்கிய புதிதில் இரண்டு வாரம் கச்சேரிக்கு எடுத்துப்போகாமல் வீட்டில் நின்றுகொண்டே முழு லிஸ்ட்டையும் வாசியுங்கள். அந்த நாட்களில் ஒரு முறை கம்பி மொத்தத்தையும் நீங்களே மாற்றிப் பாருங்கள், பின் மூடியைத் திறந்து மூடுங்கள், ஜாக் நட்டை இறுக்குங்கள். முதல் கம்பியை மட்டும் கழற்றி மாட்டிச் சுருதி சேர்க்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிஷத்துக்குள் வந்துவிட்டால், அறிவிப்பாளர் அடுத்த பாட்டுக்கு முன் பேசி முடிப்பதற்குள் நீங்கள் தயாராகிவிடுவீர்கள்.